இளைப்பு இருக்கும் அம்மாவை நடக்க வைக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. முப்பது வருடம் விறகடுப்பில் சமைத்தவர். சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். ஆறு நிமிட நடைச் சோதனையில் 240 மீட்டர் நடந்தார். ஆக்சிஜன் 96-லிருந்து 91-க்கு இறங்கியது. தினமும் நடக்கச் சொல்கிறார் டாக்டர். தெருமுனை வரை போனாலே மூச்சு வாங்குகிறது. நடக்க வைக்கலாமா? மூன்று பந்து கருவி வாங்கி ஊதச் சொல்லியிருக்கிறோம், அது போதாதா?

பதில்: தாராளமாக நடக்க வைக்கலாம். மூச்சு வாங்குமே என்று பயந்து உட்கார்ந்தே இருந்தால் முதலில் தளர்வது தொடைத் தசை. தளர்ந்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சுவிடும். சி.ஓ.பி.டி.யில் காற்று வெளியேறுவதுதான் கஷ்டம். மூச்சு வேகமானால் பழைய காற்று முழுதாக வெளியேறுவதற்குள் அடுத்த மூச்சை இழுக்க வேண்டிவரும். உள்ளே காற்று தேங்கி நெஞ்சு அடைத்ததுபோல் இருப்பது இதனால்தான். கால் பலப்பட்டால் அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சே போதும்.

ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையின் எண் பெரிதாக மாறாது, அதைப் பார்த்து மனம் தளராதீர்கள். 2015-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இளைப்பு, களைப்பு, நடக்கும் தூரம் எல்லாமே பயிற்சி பெற்றவர்களுக்கு நன்றாகத் தேறியிருந்தன.

அந்த மூன்று பந்து கருவி ஊதுவதற்கானது அல்ல, உறிஞ்சுவதற்கானது. அறுவை சிகிச்சைக்குப் பின் சுருங்கிய நுரையீரல் விரிவதற்காகக் கொடுப்பார்கள். அம்மாவின் நுரையீரலில் ஏற்கெனவே காற்று தேங்கிக் கிடக்கிறது. பந்து எவ்வளவு உயர்ந்தாலும் கால் பலப்படாது. எடுத்து வைத்துவிடுங்கள்.

தொடங்கும் முன் இதயப் பரிசோதனை முடிந்திருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டத் தலைநகரில் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி தரும் பிசியோதெரபி பிரிவு இருந்தால் வாரம் இரண்டு நாள், எட்டு வாரம் போய் வருவதே சிறந்தது. இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்யலாம்.

வேகத்தைச் சோதனையிலிருந்தே எடுக்கலாம். ஆறு நிமிடத்தில் 240 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 40 மீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 32 மீட்டர், பயிற்சி வேகம். மொட்டை மாடியில் 8 மீட்டர் அளந்து இரு முனையிலும் சாக்பீஸ் கோடு போடுங்கள். நிமிடத்துக்கு இரண்டு முறை போய்வர வேண்டும். முதல் வாரம் இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு என்று ஐந்து சுற்று. வாரத்தில் நான்கைந்து நாள். பிறகு ஓய்வைக் குறைத்து, நடையை வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, எட்டாவது வாரத்தில் இடைவிடாமல் 20 முதல் 30 நிமிடத்துக்கு வரலாம்.

இளைப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். 4 முதல் 6 வரை இருக்க வேண்டும். ஒரு சின்ன வாக்கியம் பேச முடியும், பாட்டுப் பாட முடியாது, அந்த அளவு. பலர் தோற்பது இங்கேதான்: 2-ஐத் தாண்டியதும் பிள்ளைகள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். லேசான நடையால் தசை மாறாது. 7-க்கு மேல் போனால் நிற்கட்டும்.

மூச்சுவிடும் முறையை நடப்பதற்கு முன் உட்கார்ந்தே பழக்குங்கள். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, சூடான காபியை ஊதுவதுபோல் உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை விட வேண்டும். நடக்கும்போது இரண்டு அடிக்கு இழுப்பு, நான்கு அடிக்கு விடுவது. ரொம்ப வாங்கினால் மாடிச் சுவரில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்கட்டும்.

வாரம் மூன்று நாள் கால், கைப் பயிற்சியும் வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது எட்டு முறை, இரண்டு தடவை. எழும்போது மூச்சை விட வேண்டும். அடக்கக் கூடாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தோள் உயரம்வரை தூக்குவதும் அதே கணக்கு. தலை சீவும்போதும் துணி உலர்த்தும்போதும் அதிகம் இளைப்பதற்குக் காரணம், தோள் தசைகள் மூச்சுக்கும் உழைப்பதுதான்.

நிவாரணி இன்ஹேலர் (இளைப்பை உடனே தணிப்பது) இருந்தால், டாக்டரிடம் கேட்டு, 15 நிமிடம் முன்பு எடுக்கலாம். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரம் கழியட்டும். பக்கத்தில் குப்பை எரிக்கும் நேரத்தைத் தவிருங்கள். வீட்டில் இன்னும் விறகு எரிகிறதென்றால் அந்தப் புகையிலிருந்து அம்மாவை முதலில் விலக்குங்கள்.

ஆக்சிமீட்டரை நடக்கும்போது பார்க்காதீர்கள், விரல் ஆடினால் எண் தவறும். நின்ற உடனே மாட்டி, எண் நிலைத்த பின் குறியுங்கள். 88-க்குக் கீழ் இறங்கினால் அன்றைக்குப் போதும், டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலமாவது ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனை. சளி கூடி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் நடையை நிறுத்தி மருந்து. தேறியதும் பாதி நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள். படுத்திருந்த ஒரு வாரத்திலேயே தசை நிறையக் குறையும். மறுபடி நடக்க ஆரம்பிப்பதை மாதக்கணக்கில் தள்ளிப்போட வேண்டாம்.

எட்டு வாரம் கழித்து மருத்துவமனையில் அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். 30 மீட்டர் கூடினாலே உண்மையான முன்னேற்றம், அதாவது 270. கூடவில்லையென்றால் இன்ஹேலரை இழுக்கும் முறையை நர்சிடம் செய்து காட்டச் சொல்லுங்கள்.