ஆகஸ்டில் ஏன் அத்தனைக் குழந்தை மரணங்கள்? – வாசகர் கேள்வி பதில்

பொதுச் சுகாதாரம் படிக்கும் மாணவர், மதுரை: அம்மா, 1900-ஐ ஒட்டிய இங்கிலாந்தின் சுகாதார அறிக்கைகளில் ‘நகர்ப்புற மாவட்டம்’ என்று வருகிறது. அது எவ்வளவு பெரியது? அங்கே சுகாதாரத்தை யார் கவனித்தார்கள்?

நம் கலெக்டர் மாவட்டத்தை மனதில் வைத்துப் படித்தால் குழப்பம்தான் வரும். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய சிறு நகர அமைப்பு அது. சில ஆயிரம் பேர் மட்டுமே இருந்த ஊருக்குக்கூடத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இருந்தது. சபைக்குக் கீழே இரண்டு பேர். ஒருவர் சுகாதார மருத்துவ அதிகாரி. பெரும்பாலும் உள்ளூர் டாக்டர்தான், தன் சொந்த நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக இந்த வேலையைச் செய்வார். ஆண்டுக்கொரு அறிக்கை எழுதுவார். இன்னொருவர் நியூசன்ஸ் இன்ஸ்பெக்டர். அடைத்த சாக்கடை, நிரம்பி வழியும் மலக்குழி, வீட்டையொட்டிய பன்றிக் கொட்டில், மாட்டுத் தொழுவம், இறைச்சிக் கூடம் எல்லாவற்றையும் நேரில் போய்ப் பார்த்து நோட்டீஸ் கொடுப்பது அவர் வேலை.

அறிக்கையை எடுத்தால் டாக்டரின் முன்னுரைக்கு முன்னால் இன்ஸ்பெக்டரின் பட்டியலைப் படியுங்கள். எத்தனை வீடு பார்த்தார், எத்தனை நோட்டீஸ் கொடுத்தார், எத்தனை சரிசெய்யப்பட்டன என்று அதில் இருக்கும். ஊர் உண்மையில் எப்படி இருந்தது என்பது அந்தப் பக்கத்தில்தான் தெரியும்.

வாசகி, தஞ்சாவூர்: அந்த அறிக்கைகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வந்தால் குழந்தைகளின் மரணம் திடீரென ஏறுகிறதே, ஏன்? குளிர் நாட்டில் கோடை நல்ல காலம் இல்லையா?

நல்ல காலம்தான், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தவிர. அங்கே கோடை வயிற்றுப்போக்கு என்றே ஒரு மரணக் காரணம் தனியாக எழுதப்பட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால், 1899-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 163 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். 1910-இல் அது 105 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு கடும் வெயில். மறுபடி 130-க்கு ஏறிவிட்டது. 1912-இல் கோடை குளிர்ச்சியாக இருந்தது, எண்ணிக்கை 95. வானிலையைப் பார்த்தே மரணக் கணக்கைச் சொல்லிவிடலாம் போன்ற நிலைமை.

எட்வர்ட் பல்லார்ட் என்ற மருத்துவர் 1889-இல் ஒன்றைச் சொன்னார்: நாலடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் 56 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்ட பிறகுதான் இந்த மரணங்கள் வேகமாக ஏறுகின்றன. அதனால் பல ஊர்களில் தரைக்குள் வெப்பமானியை இறக்கி அளந்தார்கள். அவர் கவனித்தது சரி. மண்ணிலிருந்து ஏதோ கிளம்பி வருகிறது என்ற விளக்கம்தான் நிற்கவில்லை. அப்புறம் மான்செஸ்டரில் ஜேம்ஸ் நிவென் வீடுகளில் பொறி வைத்து ஈக்களை எண்ணினார். ஈ பெருகிய வாரங்களைத் தொடர்ந்து மரணமும் பெருகியது.

ஈ எங்கிருந்து வந்தது? தெருவெல்லாம் குதிரை வண்டி, லாயமெல்லாம் சாணம். வெயிலில் முட்டை ஈயாக மாறப் பத்து நாளே போதும். அந்த ஈ கொல்லைப்புற மலக்குழியில் உட்கார்ந்து, நேரே சமையலறைப் பாலுக்கு வரும். அன்றைக்குப் பரவலாக இருந்த பால் புட்டியில் ஒரு நீண்ட ரப்பர் குழாய் உண்டு. குழந்தையைப் படுக்க வைத்துக் குழாயை வாயில் கொடுத்துவிட்டுத் தாய் வேலை பார்க்கலாம். அந்தக் குழாயின் உள்ளே கழுவவே முடியாது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் இந்த நோயில் குறைவாகவே இறந்தார்கள் என்று ஊருக்கு ஊர் அதிகாரிகள் எழுதியிருக்கிறார்கள்.

அதே வாசகி: ‘தாயின் அறியாமை’ என்றும் எழுதுகிறார்களே. அது நியாயமா?

நியாயமில்லை. கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் நான். இந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பல குடும்பத்துக்கு முற்றத்தில் ஒரே குழாய், பல குடும்பத்துக்கு ஒரே கழிப்பறை, பாலைக் குளிரில் வைக்க இடமில்லை, வாசலுக்கு வரும்போதே பாதி கெட்ட பால். இதில் எதைத் தாய் தன் அறிவால் மாற்றியிருக்க முடியும்? பிரசவமான நாலு வாரத்துக்குள் பெண்களை ஆலை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1891-இல் சட்டம் போட்டார்கள். அந்த நாலு வாரக் கூலிக்கு வழி சொல்லவில்லை. 30 ஷில்லிங் பிரசவ உதவி என்று ஒன்று 1911 காப்பீட்டுச் சட்டத்தில்தான் வந்தது.

தாயைத் திட்டாமல் கூட நின்றவர்களும் உண்டு. ஹடர்ஸ்ஃபீல்டு மேயராக இருந்த பெஞ்சமின் பிராட்பென்ட், தன் பதவிக்காலத்தில் லாங்வுட் பகுதியில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், முதல் பிறந்தநாள் வரை உயிரோடிருந்தால் ஒரு பவுண்டு தருவதாக எழுதிக் கொடுத்தார். வெறும் பணமாக மட்டும் நிறுத்தவில்லை, பெண்கள் வீட்டுக்கே போய்க் குழந்தையைப் பார்த்துவந்தார்கள். பிறப்பை 36 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் 1907-இல் வந்தது. முதலில் விரும்பிய ஊர்கள் ஏற்றுக்கொண்டன, 1915-இல் நாடு முழுக்கக் கட்டாயமானது. குழந்தை பிறந்ததே தெரியாமல் யார் வீட்டுக்குப் போய் உதவுவது? எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது.

ஓய்வுபெற்ற ஓவர்சியர், சேலம்: தண்ணீர் ஊற்றும் கழிப்பறை அப்போதே இருந்தது. பிறகு ஏன் அத்தனை வருடம் எடுப்புக் கக்கூஸ்?

காசு யார் கொடுப்பது என்பதுதான் சிக்கல். வீடு வாடகைக்கு விட்டவருடையது, நோய் குடியிருப்பவருடையது. தண்ணீர்க் கழிப்பறை வேண்டுமென்றால் தெருவில் பாதாளச் சாக்கடை வேண்டும், குழாயில் தண்ணீர் வேண்டும், கழிவைச் சுத்தம் செய்ய ஊருக்கு வெளியே இடம் வேண்டும். சபை வரியை ஏற்ற வேண்டும், அந்தச் சபையில் வீட்டுச் சொந்தக்காரர்களே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் மலமும் அடுப்புச் சாம்பலும் ஒன்றாக விழும் குழி முதலில், அப்புறம் வாளி, கடைசியில்தான் தண்ணீர் என்று மெதுவாக நகர்ந்தது. வட இங்கிலாந்தில் சமையலறைக் கழிவுநீரையே சேர்த்துக் கொட்டிக் கழுவும் ஒரு வகையும் இருந்தது. செலவு குறைந்த நல்ல யோசனை, ஆனால் அடைத்துக்கொள்ளும்.

வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு நாட்டிங்ஹாம் கணக்கு ஒன்று உண்டு. 1887 முதல் 1896 வரை அந்நகரில் டைஃபாய்டு வந்த வீடுகளைக் கழிப்பறை வகைப்படி பிரித்தார்கள். சாம்பல் குழி இருந்த வீடுகளில் 37-க்கு ஒன்று. வாளி இருந்த வீடுகளில் 120-க்கு ஒன்று. தண்ணீர்க் கழிப்பறை வீடுகளில் 558-க்கு ஒன்று. தண்ணீர்க் கழிப்பறை வீடுகளில் வசதியானவர்களும் அதிகம் இருந்திருப்பார்கள், சரி. அதைக் கழித்தாலும் இந்த இடைவெளி பெரியது. இப்படி ஒரு கணக்கைக் கையில் வைத்துக்கொண்டும் சபைகள் தள்ளிப்போட்டன என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

வாசகர், நாகர்கோவில்: ஸ்கார்லெட் காய்ச்சல் வந்த வீட்டில் கந்தகப் புகை போட்டார்களாமே, பலன் இருந்ததா?

மூட்டைப்பூச்சிக்கு இருந்தது. ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டி, கந்தகத்தை எரித்து, அறையை மணிக்கணக்கில் மூடி வைப்பார்கள். ஆனால் ஸ்கார்லெட் காய்ச்சல் என்பது தொண்டை வலியும் உடம்பில் சிவப்புத் தடிப்பும் வரும் நோய். அது முக்கியமாகத் தொண்டையிலிருந்து ஆளுக்கு ஆள் பரவுவது, சில சமயம் பால் வழியாக. வாரக்கணக்கில் தொற்றுநோய் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பிய பிள்ளையிடமிருந்தே தம்பி தங்கைக்கு வந்த சம்பவங்களும் அறிக்கைகளில் நிறைய. தொண்டை அடைப்பான் (டிஃப்தீரியா) நோய்க்கு நிலைமை வேறு: 1890-களின் நடுவில் எதிர்நஞ்சு மருந்து வந்துவிட்டது, சீக்கிரம் போட்டால் பிள்ளை பிழைக்கும். அதனால் ஒரு ஊரின் அறிக்கையில் கந்தகச் செலவையும் எதிர்நஞ்சு மருந்துச் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அந்த ஊர் டாக்டர் எந்த அளவுக்குப் புதியதைப் படித்தவர் என்று ஓரளவு பிடிபடும்.