பதில்: 5 நாள் சுண்டெலி நியூரானில் ஒரே ஒரு ஸ்பைக், செல் கெட்டுவிட்டதா?

பிறந்து 5 நாளான சுண்டெலியின் கார்டெக்ஸ் (மூளைப் புறணி) நியூரானில் கரண்ட் செலுத்தினால் ஒரே ஒரு அகலமான ஸ்பைக்தான் (மின்துடிப்பு) வருகிறது, ஓய்வு மின்னழுத்தமும் −47 மில்லிவோல்ட்தான் என்று எழுதியிருந்தீர்கள். உடனே ஸ்லைஸை, அதாவது வெட்டியெடுத்த மூளைத் துண்டை, குறை சொல்லாதீர்கள். அந்த வயதில் இது சகஜம். ஸ்பைக்கை எழுப்பும் சோடியம் சேனல்கள் செல் சவ்வில் இன்னும் அடர்த்தியாகவில்லை. ஸ்பைக்கைச் சட்டென்று இறக்கும் பொட்டாசியம் சேனல்களும் போதாது, அதனால்தான் அவ்வளவு அகலம். ஆக்சான் (நியூரானின் நீண்ட இழை) தொடக்கத்தில் இப்போது இருப்பது பெரும்பாலும் என்ஏவி1.2 என்ற சோடியம் சேனல் வகை. இன்னும் எளிதில் திறக்கும் என்ஏவி1.6 அடுத்த வாரங்களில்தான் அங்கே ஓங்கும்.

−47 கதை வேறு. கசிவுச் சேனல்கள் குறைவு என்பதால் இளம் செல்லின் மின்தடை 2 கிகாஓம் வரைகூடப் போகும். உங்கள் சீல் (பிப்பெட் முனை செல் சவ்வோடு ஒட்டும் இடத்தின் மின்தடை) 4 கிகாஓம் என்கிறீர்கள். அப்படியானால் அந்த ஒட்டின் வழியே கரண்ட் கசிவதால், உண்மையில் −70 இருந்தாலும் கருவி சுமார் −47 தான் காட்டும்! 10 கிகாஓமுக்கு மேல் சீல் கிடைத்த செல்களை மட்டும் கணக்கில் எடுங்கள். நீங்கள் கரண்டை ஏற்றும் 50 பிகோஆம்பியர் படியும் இந்தச் செல்லுக்கு ரொம்ப அதிகம், சோடியம் சேனல்கள் முடங்கிப்போகும். ஐந்தைந்தாக ஏற்றிப் பாருங்கள்.

க்யூபிசிஆரில் (எம்ஆர்என்ஏவை அளக்கும் சோதனை) சேனல் தெரிகிறதே என்ற உங்கள் வாதம் செல்லாது. எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணு நகல்) இருந்தால் புரதம் சவ்வுக்கு வந்துவிட்டது என்று ஆகாது. போதாக்குறைக்கு, முழுத் திசுவில் நியூரான் அல்லாத கிளையா செல்களும் கலந்திருக்கும்.

அதே கருவியில் 20 நாள் எலியும் இப்படியே காட்டினால், அப்போது கரைசலைச் சந்தேகப்படுங்கள்.