மரக்கன்று நட்ட பிறகு பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

கேள்வி: குப்பைக் கிடங்கை ஒட்டிய ஒரு குடியிருப்பில் எங்கள் சிறு குழு வேலை செய்கிறது. 15 முதல் 22 வயது வரையுள்ளவர்களுக்குச் சுற்றுச்சூழல் தலைமைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினோம். மரம் நட்டோம், துப்புரவுப் பணி செய்தோம், வல்லுநர்களை அழைத்துப் பேச வைத்தோம். முதல் நாள் 30 பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் 7 பேர்தான். பெண் பிள்ளைகள் அநேகமாக வருவதே இல்லை. இப்போது ஓராண்டுக்குச் சிறு நிதி ஒன்று கிடைக்கப் போகிறது. இந்த முறை எப்படி அமைப்பது?

பதில்: பிள்ளைகளுக்கு அக்கறை இல்லாததால் 30 பேர் 7 பேராகிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் நிகழ்ச்சி நிரலை ஒருமுறை அவர்கள் இடத்தில் இருந்து படித்துப் பாருங்கள். ஊரெல்லாம் கொட்டிய குப்பைக்குப் பக்கத்தில் வளர்ந்த ஒரு பெண்ணின் கையில் கையுறையைக் கொடுத்து, "வா, குப்பை பொறுக்கலாம்" என்கிறோம். அவள் அம்மா தினமும் கூலிக்குச் செய்யும் வேலையே அதுவாக இருக்கலாம். அப்புறம் வெளியிலிருந்து ஒருவர் வந்து மாசு என்றால் என்ன என்று பாடம் நடத்துகிறார். எந்தக் காற்று அடித்தால் புகை எந்த வீட்டுக்குள் நுழையும் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும்.

மரம் நடுவதில் தப்பே இல்லை. ஆனால் கிடங்கு அங்கே வந்ததற்குக் காரணம் மரம் குறைந்ததல்ல, யாரோ எங்கோ உட்கார்ந்து எடுத்த முடிவு. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்தில் வாரன் கவுன்ட்டி என்று ஒரு பகுதி. அப்போது கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த ஏழ்மையான இடம். 1982இல் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மண்ணை அங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். லாரிகளை மறித்துப் போராடியவர்களில் 500க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். புதைப்பதைத் தடுக்க முடியவில்லை. ஆனாலும், 'எங்கள் தெருவில் ஏன்?' என்ற கேள்வி அதன்பின் நாடெங்கும் எழுந்தது. 1991இல் வாஷிங்டனில் கூடிய நிறவெறிக்கு ஆளான சமூகங்களின் சுற்றுச்சூழல் தலைவர்கள் 17 கோட்பாடுகளை வகுத்தார்கள். முடிவெடுக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் சம பங்காளியாக இருக்கும் உரிமை அவற்றில் ஒன்று. உங்கள் பயிற்சியின் மையத்தில் நான் வைக்கச் சொல்வதும் அதைத்தான். எந்த முடிவையும் பிள்ளைகள் கையில் கொடுக்காத ஒரு பயிற்சியிலிருந்து தலைவர்கள் எப்படி வருவார்கள்?

சரி, எங்கே தொடங்குவது? முதல் மாதம் பாடமே வேண்டாம். பிள்ளைகளோடு தெருத்தெருவாக நடங்கள். எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்த நேரத்தில் எரிக்கிறார்கள், யார் வீட்டுக் குழந்தைக்கு இருமல் நிற்பதில்லை என்று அவர்களே வரைபடத்தில் குறிக்கட்டும். இருபது பிரச்சினை வரும். அவற்றில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு இரண்டே நிபந்தனைகள் வையுங்கள்: சில மாதங்களில் ஏதாவது அசைவு தெரிய வேண்டும், அதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். கிடங்கையே மூடுவது முதல் இலக்காக இருந்தால் ஆண்டு முடிவில் எல்லோரும் சோர்ந்திருப்பார்கள். இரவில் எரிப்பதை நிறுத்துவது, லாரி செல்லும் நேரத்தை மாற்றுவது போன்றவை கைக்கு எட்டும்.

'யாரிடம் அதிகாரம்' என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் நல்ல உதாரணம். கர்ட்டிஸ் பே என்ற தொழிற்சாலைப் பகுதியில், மேல்நிலைப் பள்ளியிலிருந்து ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் மிகப்பெரிய ஆலை வருவதாக இருந்தது. டெஸ்டினி வாட்ஃபோர்ட் என்ற மாணவியும் நண்பர்களும் வீடு வீடாகப் போனார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பாட்டும் கட்டினார்கள். இதுவரை எல்லோரும் செய்வதுதான். அவர்கள் செய்த கெட்டிக்கார வேலை வேறு. அந்த மின்சாரத்தை வாங்க ஒப்புக்கொண்டவர்கள் யார் என்று தேடினார்கள். பட்டியலில் நகரின் பள்ளி நிர்வாகமே இருந்தது! ஆலை முதலாளியிடம் கெஞ்சுவதற்குப் பதிலாகத் தங்கள் பள்ளி வாரியத்தின் முன் போய் நின்றார்கள். 2015இல் வாரியம் ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2016இல் ஆலையின் அனுமதி காலாவதியாகிவிட்டதாக மாநில அரசு அறிவித்தது. அந்த ஆண்டின் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது வாட்ஃபோர்டுக்குக் கிடைத்தது. இதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன என்பதையும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பணம். நம் துறையில் இதைப் பேசக் கூச்சப்படுகிறார்கள். வேலைக்குப் போகும் 19 வயதுப் பையனுக்கு ஞாயிறு காலை என்பது அரை நாள் கூலி. தன்னார்வம் என்ற பெயரில் அந்தக் கூலியை விட்டுவிட்டு வரச் சொன்னால், வசதியுள்ள பிள்ளைகள் மட்டும்தான் மிஞ்சுவார்கள். ஆகவே நிதியில் முதலில் ஒதுக்க வேண்டியது உதவித்தொகை, வழிச்செலவு, சாப்பாடு. பதாகை, தொப்பி, சான்றிதழ் எல்லாம் கடைசியில், மிச்சம் இருந்தால்.

பெண் பிள்ளைகள் வராததற்கும் பெரும்பாலும் ஆர்வம் காரணமல்ல. கூட்டம் எப்போது முடிகிறது, இருட்டிய பிறகு யாரோடு வீடு திரும்புவது, அந்த இடத்தில் பூட்டக்கூடிய கழிப்பறை உண்டா, தம்பி தங்கையை யார் பார்த்துக்கொள்வது. இந்த நான்கையும் அம்மாக்களிடம் நேரில் போய்க் கேளுங்கள். நான் ஆலோசனைக்குப் போன ஓரிடத்தில் கூட்டத்தை மாலை ஆறிலிருந்து மூன்றரைக்கு மாற்றி, சின்னக் குழந்தைகளைக் கூட்டிவரலாம் என்றார்கள். அடுத்த வாரமே ஒன்பது பெண்கள் வந்தார்கள். இரைச்சல் தாங்கவில்லைதான், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முடிவெடுக்கும் பொறுப்பை எவ்வளவு தூரம் கொடுக்கலாம் என்று தயக்கம் வரும். ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் பிள்ளைகளின் பங்கேற்பு எந்த அளவில் இருக்கிறது என்று காட்ட 1992இல் யுனிசெஃப்புக்காக வரைந்த எட்டுப் படி ஏணி ஒன்று உண்டு. கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஒப்புக்கொள்ளவில்லை: பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்கு மேடையேற்றுவது. எனக்குப் பிடித்தது உச்சிப் படி. அங்கே பிள்ளைகள் தனியாக நிற்பதில்லை. அவர்கள் தொடங்குகிறார்கள், பெரியவர்களோடு சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். அதனால் நீங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. நிதியில் ஐந்தில் ஒரு பங்கை அவர்கள் குழுவிடம் விட்டு, கணக்கை அவர்களே எழுதட்டும். தப்பான பொருளை வாங்கித் தொலைப்பார்கள். வாங்கட்டும்.

புகையை அளக்க ஆசைப்பட்டால் பிஎம் 2.5 எனப்படும், காற்றில் கலந்த மிக நுண்ணிய துகள்களை அளக்கும் விலை குறைந்த உணரிகள் கிடைக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் அவை அளவைக் கூட்டிக் காட்டும். முதலில் சில நாட்கள் அரசின் கண்காணிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாள் சராசரிக்கு, கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த உச்ச அளவு. எண்ணோடு சேர்த்து நேரம், காற்றின் திசை, அன்று யாருக்கு மூச்சுத் திணறியது என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் உணரி சரியில்லை என்று அதிகாரி ஒரே வரியில் தள்ளிவிடலாம். மூன்று மாத நோட்டை அப்படித் தள்ளுவது கடினம்.

ஒரு எச்சரிக்கை. குப்பையில் பணம் இருக்கிறது. பணம் இருக்கும் இடத்தில் மிரட்டலும் வரும். 18 வயதுக்குட்பட்டவர்களின் பெயரில் புகார் போகக் கூடாது. பெற்றோர் சம்மதம் இல்லாமல் முகம் தெரியும் படம் வேண்டாம். அதிகாரியையோ ஒப்பந்ததாரரையோ பார்க்க யாரையும் தனியாக அனுப்பாதீர்கள்.

நிதி தருபவர் எத்தனை மரக்கன்று என்று கேட்பார். எத்தனை கூட்டங்களைப் பிள்ளைகளே நடத்தினார்கள், எத்தனை மனுக்களுக்கு எழுத்தில் பதில் வந்தது, இரண்டாம் அணிக்கு முதல் அணியிலிருந்து எத்தனை பேர் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று எண்ணித் தருவதாகச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்திடும் முன்பே இதைப் பேசிவிடுவது நல்லது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இப்போதும் வரும் அந்த 7 பேரையும் அழைத்துக்கொண்டு, நின்றுபோன 23 பேரின் வீட்டுக்குப் போங்கள். ஏன் வரவில்லை என்று அந்த 7 பேர் கேட்கட்டும். நீங்கள் வாசலிலேயே நில்லுங்கள்.