பீச், ஷோர், கோஸ்ட்: எதை எங்கே எழுதுவது?

தம்பி, பாம்பனில் நீங்கள் நடத்தும் தங்கும் விடுதியின் போர்டில் பீச், ஷோர், கோஸ்ட் மூன்றில் எதைப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். வாசலில் மணல் இல்லை, பாறைதான் என்றும் சொன்னீர்கள். அப்படியானால் பீச் வேண்டாம். அந்தச் சொல்லைப் பார்த்ததும் வருகிறவர் மனதில் அரிச்சல்முனை மாதிரி கால் புதையும் மணல்தான் வரும். பாறையைப் பார்த்தால் ஏமாந்துவிடுவார்.

ஷோர் என்றால் தண்ணீரும் தரையும் தொடும் ஓரம். மணலோ, பாறையோ, சேறோ, எதுவானாலும் சரி. ஏரிக்கரைக்கும் அதே சொல்தான். ஆற்றங்கரை மட்டும் பேங்க். வள்ளத்திலிருந்து இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறுகிறோமே, அதை ‘அஷோர்’ என்பார்கள். அங்கே கோஸ்ட் பொருந்தாது.

கோஸ்ட் பெரிய சொல். தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை என்று வரைபடத்தில் நீளுகிற மொத்தக் கடலோரமும் அதில் அடங்கும். குருசடைத் தீவு எங்கே என்று விருந்தினர் கேட்டால் ‘ஆஃப் தி கோஸ்ட்’ என்று சொல்லுங்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி, கடலுக்குள் என்று புரிந்துகொள்வார்.

போர்டில் ‘ஆன் தி ஷோர்’ என்று எழுதுங்கள். மணல் கேட்பவர்களுக்குத் தனுஷ்கோடிக்கு வழி சொல்லிவிடுங்கள்.