உறைந்த இலத்திரனும் பங்குக் கிணறும்

வணக்கம் ஐயா,

வடமராட்சியில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். மக்னெற்றைற்று என்ற காந்தக் கல் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். "−150 பாகை செல்சியசுக்குக் கீழே இலத்திரன்கள் உறைந்து, இரும்பின் பெரசு அயனும் (Fe²⁺) பெரிக்கு அயனும் (Fe³⁺) வரிசை மாறி வரிசையாக நின்றுவிடும்" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு பிள்ளை எழும்பி, "அப்ப காந்தம் போயிடுமா டீச்சர்? தண்ணி ஐஸாகிற மாதிரியா?" என்று கேட்டாள். பின்வாங்கில் இருந்தவன், "இதை இஞ்சை செய்து பாக்க ஏலுமோ?" என்றான். இரண்டுக்கும் என்னிடம் சரியான விடை இல்லை.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

காந்தம் போகாது. மக்னெற்றைற்றில் இரண்டு வேறு ஒழுங்குகள் உண்டு. நான் அவற்றைப் பிரித்துச் சொல்லாததால்தான் அந்தப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தது.

முதலாவது சுழற்சியின் ஒழுங்கு: ஒவ்வோர் இலத்திரனையும் ஒரு சின்னக் காந்தமாக்கும் பண்புதான் சுழற்சி. மூன்று இரும்பு அயனில் ஒரு பெரிக்கு, நான்கு ஒட்சிசன் சூழ்ந்த நான்முகி இடத்தில் இருக்கும். மற்றப் பெரிக்கும் பெரசும், ஆறு ஒட்சிசன் சூழ்ந்த எண்முகி இடங்களில் இருக்கும். இரு பகுதியின் சுழற்சியும் எதிரெதிர்த் திசை. பெரிக்கின் 5 சோடியற்ற இலத்திரன்களை மற்றப் பெரிக்கின் 5 வெட்டிவிட, பெரசின் 4 மிஞ்சும். கல் காந்தமாக இருப்பது அந்த நான்கால். பிரெஞ்சுப் பௌதிகவியலாளர் லூயி நேயெல் 1948இல் இப்படி விளக்கினார். சுமார் 585 பாகை வரை சூடாக்கினால்தான் இந்த ஒழுங்கு குலையும்.

இரண்டாவது ஏற்றத்தின் ஒழுங்கு, அதாவது எந்த அயன் பெரசு, எந்த அயன் பெரிக்கு என்பது. அறை வெப்பநிலையில் எண்முகி இடங்களில் ஓர் இலத்திரன் ஒரு அயனிலிருந்து மற்றதற்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஒட்சைட்டாக இருந்தும் இந்தக் கல் மின்னைக் கடத்துவது அதனால்தான். 125 கெல்வின் அளவில், அதாவது நான் எழுதிய அந்த −150 பாகைக்குக் கிட்ட, அந்தத் தாவல் நிற்கும். கடத்துதிறன் ஏறக்குறைய நூறு மடங்கு விழும். பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் இருந்த ஃபெர்வே 1939இல் இதற்கு விளக்கம் சொன்னார். ஐஸ் உவமை அந்தப் பிள்ளைக்குத் தானாகத் தோன்றியது எனக்குப் பெரிய சந்தோசம். தண்ணீர் உறையும்போது போல, தூய பளிங்கில் இங்கும் மறைவெப்பம் வெளிவரும். சதுரமுகிப் பளிங்கு சற்றுச் சரிந்தும் போகும்.

"வரிசை மாறி வரிசையாக" என்று நான் எழுதியது பிழை. அது ஃபெர்வேயின் ஊகம். பளிங்கு அதைவிடச் சிக்கலானது. மயிரிழையிலும் சிறிய ஒரு துகளை பிரான்சின் கிரெனோபிள் ஊடுகதிர் நிலையத்தில் அளந்து, 2012இல் அட்ஃபீல்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் உண்மை வடிவத்தைக் காட்டினார்கள். இலத்திரன் ஒரே அயனில் அடைபட்டுக் கிடப்பதில்லை. நேர்கோட்டில் நிற்கும் மூன்று அயன்களில் அது பரவுகிறது. பக்கத்து இரண்டும் நடுவை நோக்கிச் சற்று நகர்கின்றன. எங்கள் ஊர்ப் பங்குக் கிணறு மாதிரி: கிணறு நடு வளவில், அள்ளுவது மூன்று வீடும். வகுப்பில் இதைச் சொல்லித் திருத்திவிடுங்கள். 73 வருடம் தேடிக் கிடைத்த விடையை நான் ஒரு வரியில் தட்டையாக்கியிருக்கக் கூடாது.

பின்வாங்குப் பிள்ளைக்கு: செய்யலாம். மாட்டுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் செய்ய வருபவரின் கொள்கலனை அவன் பார்த்திருப்பான். மூடியைத் திறந்ததும் வெள்ளைப் புகை விளிம்பால் வழிந்து நிலத்தில் ஓடும். உள்ளே இருப்பது −196 பாகைத் திரவ நைதரசன். எங்களுக்குத் தேவையானதை விடக் குளிர். கால்நடை அலுவலரிடம் நீங்களே கேளுங்கள், பிள்ளைகளை அனுப்பவேண்டாம். ஒருபோதும் இறுக மூடிய போத்தலில் எடுக்காதீர்கள், வெடிக்கும்.

கல்லுக்குக் கடற்கரைக் கறுப்பு மணலை நம்பவேண்டாம். புல்மோட்டையில் உள்ளது பெரும்பாலும் இல்மனைற்று; காந்தத்தில் ஒட்டுவது மிகக் குறைவு. சேருவிலவில் செப்போடு சேர்ந்த மக்னெற்றைற்றுப் படிவு உண்டு. அப்படியொரு துண்டு கிடைத்தால் இரண்டு கம்பிகளை இறுக்கிப் பொருத்தி, மல்டிமீற்றரைத் தடை அளவில் வைத்து, துண்டை மெல்லத் திரவ நைதரசனுக்குள் இறக்குங்கள். தடை படிப்படியாக ஏறி, ஓரிடத்தில் துள்ளும். கல் சுத்தமில்லாவிட்டால் துள்ளும் வெப்பநிலை தாழும், துள்ளலும் மங்கும். துள்ளிய பிறகு, கல் நைதரசனுக்குள் இருக்கும்போதே, நூலில் கட்டிய ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோகச் சொல்லுங்கள், முதற்கேள்வி கேட்ட பிள்ளையிடம்.