காரின் அடியில் வெல்டிங் வைக்கும் சேசிஸ் பிரேஸ் எதற்கு?

காரின் அடியில் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் இணைத்து வெல்டிங் வைக்கும் இரும்புக் குழாய்தான் பிரேஸ். பெரும்பாலான கார்களில் தனி சேசிஸ் கிடையாது, பாடியேதான் சட்டம். செங்கோட்டை அருகே மலைப்பாதையில் இருக்கும் புளியரை எஸ் வளைவில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பழைய பாடி லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவு கிரீச்சிடும். மூங்கில் படல் ஆடாமலிருக்கக் குறுக்குக் கம்பு கட்டுவோமே, அது மாதிரிதான் பிரேஸ் இந்த முறுக்கலைக் குறைக்கிறது.

வெல்டிங்கின்போது கார் சமதளத்தில், தன் எடையைச் சக்கரங்களில் தாங்கி நிற்க வேண்டும். லிஃப்டில் தொங்கவிட்டு வைத்தால் அப்போதிருக்கும் வளைவே நிலைத்துவிடும். பல பட்டறைகள் கோட்டைவிடும் இடம் இது! பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள், பெட்ரோல் குழாய் போகும் வழியைப் பாருங்கள். அப்புறம் துருத்தடுப்புப் பெயின்ட். புளியரைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு மழைக்குக் கட்டாயம்.

வளைவில் கார் சாய்வதும் இதனால் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஸ்பிரிங்கும், இடது வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரும் பார்க்கிற வேலை.