மனிதன் நிலவில் இறங்கியது உண்மையா? அப்படியென்றால் 1972க்குப் பிறகு ஏன் ஒருவரும் இறங்கவில்லை?

உண்மைதான். கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பிலும் இதே கேள்வி வரும். நான் அப்பாவின் கதையில்தான் தொடங்குவேன். தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, பற்றரியும் கிடைக்காது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்போம். நிலவு வெளிச்சத்தில் முற்றத்தில் இருந்து அவர் சொன்ன கதை இது.

1969 ஆடி மாதம். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோக நெல்லுக்கு அப்பா பன்றிக் காவல். ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்த செய்தியைக் கேட்டுவிட்டு, அன்றிரவு கொட்டிலில் கிடந்தபடி நிலவைப் பார்த்தாராம். "அவங்கள் அப்பவே வெளிக்கிட்டிருப்பாங்கள் எண்டு நினைச்சன்" என்பார்.

பிற்காலத்தில் நேரங்களைக் கணக்குப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர்களை இறக்கிய கலமான ஈகிள் நிலவில் இறங்கியது எங்கள் நேரப்படி யூலை 21 அதிகாலை 1.47க்கு. வன்னி வானில் அப்போது நிலவு மறைந்துவிட்டது. ஆம்ஸ்ட்ரோங் கால் வைத்தது காலை 8.26க்கு, அன்றைய நிலவு இன்னும் உதிக்கவில்லை. ஆனால் அவர்கள் அங்கிருந்து மேலெழும்பியது இரவு 11.24க்குத்தான். அப்பா பார்த்துக்கொண்டிருந்த அந்த அரை நிலவில் அந்த நேரம் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள்! மூன்றாமவர் கொலின்ஸ் தனியாக அதைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சரி, ஆதாரம்? அவர்கள் வைத்துவிட்டு வந்த கண்ணாடியில் இன்றும் லேசர் பட்டுத் திரும்புகிறது. நிலவு வருடத்துக்கு 3.8 சென்ரிமீற்றர் விலகிப் போவதை அளந்ததும் இப்படியான கண்ணாடிகளை வைத்துத்தான். ஆனால் கண்ணாடியை மட்டும் காட்டினால் போதாது. சோவியத்தின் ஆளில்லா வண்டியும் ஒன்றைக் கொண்டுபோனது. எனக்குப் பெரிய சாட்சி கற்கள். ஆறு பயணங்களில் பன்னிரண்டு பேர் 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சோவியத்தின் ஆளில்லாக் கலங்கள் மூன்றும் கொண்டுவந்தது அரைக் கிலோகூட இல்லை. இரண்டு நாடுகளும் மண்ணை மாற்றிக்கொண்டு ஆராய்ந்தன. பொய்யென்றால் போட்டிக்காரனே முதலில் பிடித்திருப்பான்.

பிறகு நின்றது காசால். 1961இல் கென்னடி குறித்தது சோவியத்தை முந்துவதற்கான இலக்கு. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நான்கு வீதத்துக்கும் மேல் நாசாவுக்குப் போனது. வென்றபின் அவ்வளவு கொடுக்க யாருக்கும் மனமில்லை. அப்பலோ என்ற அந்த நிலவுத் திட்டத்தில் மிச்சமிருந்த அப்பலோ 18, 19, 20 மூன்றையும் கைவிட்டார்கள். 1972 டிசெம்பரில் அப்பலோ 17 திரும்பியதோடு மனிதர் இறங்குவது முடிந்தது.

ஆளில்லாக் கலங்கள் இப்போதும் போகின்றன. 2023 ஓகஸ்ட் 23 மாலை 6.04க்குச் சந்திரயான் 3 தென்முனைப் பக்கம் இறங்கியதை அப்பாவோடு கைபேசியில் பார்த்தேன். பார்த்து முடித்ததும் வாசலுக்குக் கூட்டிப்போனேன். தெற்கே கிட்டத்தட்ட அதே அரை நிலவு. "இப்ப அதில நிக்குதோ?" என்று கேட்டார். ஓம் அப்பா, இப்ப நிக்குது என்றேன். இருட்டும்வரை உள்ளே வரவில்லை.